ஜூனிபர் முன்நிற்கும் டிரை ஜின்: கேள்வி பதில்

கேள்வி: ஜின் புட்டியில் ‘லண்டன் டிரை’ என்று அச்சிட்டிருந்தால் அது லண்டனில் வடித்ததுதானா?

பதில்: இல்லை. அது செய்முறையைக் குறிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, எரிசாராயத்தை ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் காய்களோடும் பிற இயற்கைத் தாவரப் பொருட்களோடும் சேர்த்து மீண்டும் வடிக்கும்போதே மணம் முழுவதும் ஏறியிருக்க வேண்டும்; அதன் பிறகு நீரையும் எரிசாராயத்தையும் தவிர மணமோ நிறமோ சேர்க்கக் கூடாது; இனிப்பு லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது, ஆல்கஹால் 37.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. டாங்கரே என்ற ஜின் இன்று ஸ்காட்லாந்தில்தான் தயாராகிறது. பீஃபீட்டர் ஜின் லண்டனின் கென்னிங்டன் பகுதியிலேயே தயாராகிறது.

கேள்வி: எனக்கு ஆல்கஹால் நெடி மட்டுமே ஏறுகிறது, ஐயா. ஜூனிபரைத் தனியாக இனம் காண்பது எப்படி?

பதில்: வாய் குறுகிய கோப்பையில் 25 மில்லி ஜின்னை ஐஸ் இல்லாமல் ஊற்றி, அதே அளவு நீர் சேருங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், விளிம்பிலிருந்து சற்று விலக்கி, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் நெடி அடங்கும். முதலில் எழ வேண்டியது பைன் பிசின் போன்ற மணம். ஜூனிபரின் எண்ணெயில் உள்ள ஆல்ஃபா பைனீன் தருவது அது. அடுத்து வரும் எலுமிச்சைச் சாயலைப் பலர் பழத்தோல் என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கொத்தமல்லி விதையுடையது. நான்கு விதைகளை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்துவிட்டுக் கோப்பைக்குத் திரும்புங்கள், ஐயம் தீர்ந்துவிடும். அடியில் நிற்கும் மண்வாசம் ஏஞ்சலிகா என்ற மூலிகையின் வேர். நாக்கின் ஓரத்தில் தங்கும் இனிப்பு அதிமதுரம். ஜூனிபரோடு இம்மூன்றை மட்டுமே கொண்டு செய்யப்படும் டாங்கரே பயிற்சிக்கு மிகவும் ஏற்றது.

கேள்வி: நீர் விட்டதும் லேசாகக் கலங்கியது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய், நீர் கூடியதும் பிரிந்து நிற்கிறது.

கேள்வி: விருந்தினருக்கு டானிக் என்ற கசப்புச் சோடாவோடு பரிமாறும்போது அளவு என்ன? வெள்ளரித் துண்டு போடலாமா?

பதில்: 50 மில்லி ஜின்னுக்கு 100 மில்லி டானிக்கில் தொடங்குங்கள், வேண்டுமென்பவர் கூட்டிக்கொள்ளட்டும். டானிக்கில் உள்ள குயினைனின் கசப்பு ஜூனிபருக்கு நல்ல துணை, ஆனால் அதனுடன் வரும் சர்க்கரை அளவு மீறினால் ஜூனிபரை மூடிவிடும். கிளாஸ் நிறையப் பெரிய ஐஸ் கட்டிகளைப் போடுங்கள்; இரண்டே துண்டுகள் மிதந்தால் அவை விரைவில் கரைந்து பானம் நீர்த்துப்போகும். முன்பே குளிரவைத்த டானிக்கை கிளாஸின் ஓரமாக ஊற்றி, ஒரே ஒரு முறை கிளறினால் போதும். எலுமிச்சைச் சாறு பிழிவதை விட, தோலை மட்டும் சீவி மேலே முறுக்கி விடுவது நல்லது. வெள்ளரி, ஹென்ட்ரிக்ஸ் என்ற ஜின்னுக்குப் பொருந்தும். வடித்த பிறகு ரோஜா, வெள்ளரிச் சாரங்கள் சேர்க்கப்படுவதால் அது லண்டன் டிரை வகையே அல்ல. ஜூனிபர் முன்நிற்கும் ஜின்னில் வெள்ளரியைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: புட்டியை ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: உறையாது, ஆனால் கடுங்குளிர் மணத்தை அடக்கிவிடும். ஜின்னையும் வெர்மூத்தையும் கலக்கும் மார்ட்டினிக்கு மட்டும் வைக்கலாம்.

கேள்வி: மார்ட்டினியைக் குலுக்குவதா, கிளறுவதா?

பதில்: கிளறுங்கள், குலுக்கினால் காற்றுக் குமிழ்களும் ஐஸ் துகள்களும் புகுந்து தெளிவு போய்விடும். 60 மில்லி ஜின்னுக்கு 10 மில்லி டிரை வெர்மூத் போதும். வெர்மூத் அடிப்படையில் மூலிகை மணமேற்றிய ஒயின் என்பதால் திறந்ததும் குளிர்பதனப் பெட்டிக்குப் போக வேண்டும். மார்ட்டினி சரியாக வரவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வெர்மூத் புட்டி அலமாரியில் எத்தனை மாதங்களாகத் திறந்து கிடக்கிறது என்பதுதான்.