கர்னலுக்குள் இழைகள்: கேள்வி பதில்

கேள்வி: நான் எழுதிவரும் சிறிய கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதியில்) ப்ராசஸ்கள், அதாவது ஓடும் நிரல்கள், உள்ளன. ஒரே ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகளைச் (த்ரெட்) சேர்க்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: ப்ராசஸ் என்ற ஒற்றைக் கட்டமைப்பை இரண்டாகப் பிரியுங்கள். ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்), கர்னல் ஸ்டாக் (கர்னலுக்குள் ஓடும்போது ஃபங்ஷன் அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகம்), ஓடுகிறதா காத்திருக்கிறதா என்ற நிலை ஆகியவை ஒவ்வோர் இழைக்கும் தனியாக வேண்டும். பக்க அட்டவணையும் (நிரலின் முகவரிகளை உண்மையான நினைவக இடங்களோடு இணைக்கும் பட்டியல்) திறந்த கோப்புகளும் பொதுவானவை.

கேள்வி: பல பயனர் இழைகளைச் சில கர்னல் இழைகளின் மேல் ஓட்டுவது சிறந்ததல்லவா?

பதில்: முதல் முயற்சிக்கு வேண்டாம். அடுத்து எந்த இழை ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர்கள் பயனர் பக்கம் ஒன்றும் கர்னலில் ஒன்றுமாக, ஒன்றையொன்று அறியாமல் இயங்கும் சிக்கல் அதில் உண்டு. சோலாரிஸ் இயங்குதளம் 2002-இல் வெளியான 9-ஆம் பதிப்பிலும், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2008-இல் வெளியான 7.0-இலும் ஒரு பயனர் இழைக்கு ஒரு கர்னல் இழை என்ற முறைக்கே வந்து சேர்ந்தன.

கேள்வி: இழை மாறும்போது எல்லா ரெஜிஸ்டர்களையும் சேமிக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. பயனர் நிரலின் ரெஜிஸ்டர்கள் கர்னலுக்குள் நுழையும்போதே சேமிக்கப்பட்டுவிடுகின்றன. கர்னலுக்குள் நிகழும் மாற்றம் சாதாரண ஃபங்ஷன் அழைப்பு என்பதால், அழைக்கப்படும் ஃபங்ஷன் காப்பாற்றியே தீர வேண்டிய ரெஜிஸ்டர்கள் போதும். ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலியில் ஓடும் எக்ஸ்வி6 என்ற கற்பித்தல் இயங்குதளம் இவ்வாறு 14 மட்டுமே சேமிக்கிறது. ஒரே ப்ராசஸின் இழைகளுக்கிடையே பக்க அட்டவணையை மாற்ற வேண்டியதும் இல்லை.

கேள்வி: புதிய இழை முதன்முறை ஓடியதும் கர்னல் உறைந்துவிடுகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

பதில்: முதலில் பூட்டைப் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுப்பது) பாருங்கள். எக்ஸ்வி6 போன்ற அமைப்பில் ஷெட்யூலர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டே இழைக்கு மாறுகிறது. ஏற்கெனவே ஓடிய இழை தான் நின்ற இடத்துக்குத் திரும்பி அதை விடுவிக்கிறது. புதிய இழைக்குத் திரும்புவதற்கு அப்படியோர் இடம் இல்லை. ஆகவே, பூட்டை விடுவிப்பதையே முதல் வேலையாகச் செய்யும் ஒரு ஃபங்ஷனின் முகவரியை அதன் திரும்பும் முகவரியாக முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

கேள்வி: முடிந்துபோன இழையின் நினைவகத்தை எப்போது விடுவிக்கலாம்?

பதில்: இந்தப் பகுதிக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. முடியும் இழை தன் கர்னல் ஸ்டாக்கின் மீதே நின்று ஓடிக்கொண்டிருப்பதால் அதைத் தானே விடுவிக்கக் கூடாது. வேறோர் இழைக்கு மாறிய பிறகு, அந்த வேறோர் இழையே அதை விடுவிக்கட்டும். பக்க அட்டவணையை எத்தனை இழைகள் பயன்படுத்துகின்றன என்று ஓர் எண்ணிக்கை வைத்து, கடைசி இழை விலகிய பின்னரே அழியுங்கள். இழைகள் ஓடும்போதே ஒரு நினைவகப் பக்கத்தை நீக்கினால், செயலியின் மற்ற கோர்களின் டிஎல்பியில் (பக்க அட்டவணையின் பதிவுகளை விரைவுக்காக வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில்) பழைய முகவரி தங்கியிருக்கலாம். அந்தக் கோர்களுக்கு இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தும் சமிக்ஞை) அனுப்பி, அவை அனைத்தும் அதை அழித்துவிட்டதாகப் பதில் தந்த பிறகுதான் அந்தப் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.