அமெரிக்க வீட்டுக்குப் பள்ளி வரி: நீட்டித்தால் எனக்கு நட்டமா?

கேள்வி: எனக்கு 67 வயது, சிங்கப்பூர்க் குடிமகள், பாசிர் ரிஸ்ஸில் கொண்டோவில் இருக்கிறேன். கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது, 2011இல் சான் ஹோசேயில் 420,000 அமெரிக்க டாலருக்கு ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினேன். வீடு என் பெயரில், கடன் முடிந்துவிட்டது. இப்போது மாதம் 3,800 டாலர் வாடகை வருகிறது. அங்குள்ள பள்ளிகளுக்கென்று சொத்து வரியோடு ஆண்டுக்கு 198 டாலர் தனியாகக் கட்டிவருகிறேன். அதன் காலம் முடிகிறதாம், புதுப்பிக்க வாக்கெடுப்பு வருகிறதாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முகவர் எழுதியிருக்கிறார். என் பிள்ளைகள் யாரும் அங்கே படிக்கவில்லை. இங்கே சொத்து வரி கட்டுகிறேன், பள்ளிக்கூடத்துக்கு என்று யாரும் தனியாகக் கேட்டதில்லை. மூத்தோர் விலக்கு கேட்கலாமா? இல்லை, வீட்டையே விற்றுவிடலாமா?

பதில்: அம்மா, இந்த 198 டாலருக்காக வீட்டை விற்க வேண்டாம். உங்கள் ஆண்டு வாடகை 45,600 டாலர். அதில் இது அரை விழுக்காடுகூட இல்லை. இந்த வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இங்கே யாரும் தனியாகக் கேட்காததற்குக் காரணம், உள்நாட்டு வருவாய் ஆணையம் வசூலிக்கும் சொத்து வரி அரசாங்கத்தின் பொது நிதியில் சேர்ந்துவிடுகிறது. கல்வி அமைச்சுக்கு வரவுசெலவுத் திட்டம் வழியாகப் பணம் போகிறது. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு, அதாவது வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகை, 36,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 2025 முதல் உள்ள விகிதப்படி முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை, மீதிக்கு 4 விழுக்காடு, ஆக 960 வெள்ளி. அதில் எத்தனை காசு எந்தப் பள்ளிக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கலிஃபோர்னியாவில் கதை வேறு. 1978இல் அங்கே வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அதன்படி அடிப்படைச் சொத்து வரி, மதிப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வாங்கிய விலையில் தொடங்கும் அந்த மதிப்பீடும் வீடு கைமாறும் வரை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. இதனால் மிகுந்த லாபம் அடைந்தவர்களில் நீங்களும் ஒருவர். பெரிதாக எதுவும் கட்டிச் சேர்க்காமல் இருந்தால், உங்கள் வீட்டின் மதிப்பீடு இன்று 570,000 டாலரைத் தாண்டியிருக்க வழியில்லை. அதே வரிசையில் அண்மையில் 1 மில்லியன் கொடுத்து வாங்கியவர் அடிப்படை வரியாக மட்டும் 10,000 டாலர் கட்டுவார், நீங்கள் 5,700க்குள் முடித்துக்கொள்வீர்கள்.

அந்த உச்சவரம்பால், உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான பள்ளி வட்டாரங்களின் கை கட்டப்பட்டுவிட்டது. சொத்து வரி விகிதத்தை அவை தாங்களாக உயர்த்த முடியாது. எவ்வளவு பணம் வரும் என்பதைப் பெரும்பாலும் மாநிலம்தான் தீர்மானிக்கிறது. ஆசிரியர் சம்பளத்துக்கோ நூலகத்துக்கோ கூடுதலாக வேண்டுமென்றால் வாக்காளர்களிடம்தான் போக வேண்டும். நீங்கள் கட்டும் வரி அப்படி வந்ததுதான். பார்சல் டாக்ஸ் என்பார்கள்: வீட்டின் விலை எதுவானாலும், பொதுவாக மனை ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று ஒரே தொகை. 1 மில்லியன் கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் 198தான். இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் தயக்கம்தான். ஆனால் அடிப்படை வரியில் நீங்கள் மிச்சப்படுத்துவதோடு ஒப்பிட்டால், குறைபட்டுக்கொள்ளும் இடத்தில் நீங்கள் இல்லை.

இந்தப் புதுப்பிப்பு நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 65 விழுக்காட்டினர் ஆதரித்தாலும் தோற்றுவிடும். நீங்கள் அமெரிக்கக் குடிமகள் இல்லை, அந்த வட்டாரத்தில் வசிக்கவும் இல்லை. எனவே வாக்களிக்க முடியாது. உங்கள் வாடகைதாரர் குடிமகனாக இருந்து, அங்கே வாக்காளராகப் பதிந்திருந்தால் அவர் வாக்களிப்பார். வரி கட்டுபவர் ஒருவர், முடிவு செய்பவர் இன்னொருவர்!

புதுப்பிப்பு என்றாலே பழைய தொகைதான் என்று நினைத்துவிடாதீர்கள். சில வட்டாரங்கள் அந்தச் சாக்கில் தொகையைக் கூட்டுவதும் உண்டு, ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ஏறும்படி ஒரு வாசகம் எழுதிச் சேர்ப்பதும் உண்டு. வாக்குச் சீட்டில் வரும் வாசகத்தை அப்படியே அனுப்பச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். தொகை, ஏற்றம், எத்தனை ஆண்டு என்பதைப் பார்த்தால் போதும்.

மூத்தோர் விலக்கு? 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பல வட்டாரங்கள் தருகின்றன. ஆனால் வழக்கமாக அது அந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்குத்தான். வாடகைக்கு விட்டுவிட்டு பாசிர் ரிஸ்ஸில் இருந்துகொண்டு கேட்டால் கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட, உங்கள் அமெரிக்க வருமான வரிப் படிவத்தைப் பாருங்கள். வெளிநாட்டவர் வாடகை வருமானத்துக்கு நிகர அடிப்படையில் வரி கட்டத் தெரிவு செய்யலாம். அப்படிச் செய்திருந்தால் சொத்து வரி, இந்த 198 டாலர், பராமரிப்பு எல்லாம் செலவாகக் கழியும். செய்யாவிட்டால் மொத்த வாடகைக்கே 30 விழுக்காடு, அதாவது 13,680 டாலர். உங்கள் கணக்காளர் இதைச் செய்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். இரு நாடுகளுக்கும் இடையே பொதுவான வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, எனவே அந்தப் பக்கத்திலிருந்து சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

விற்பதும் சாதாரண விஷயமில்லை. வெளிநாட்டவர் விற்றால், பொதுவாக விலையில் 15 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்து அமெரிக்க வருமான வரித் துறைக்குக் கட்டிவிட வேண்டும். மாநிலமும் தன் பங்குக்குப் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்தபின் மிகுதி திரும்பி வரும், ஆனால் காத்திருக்க வேண்டும்.

சரி, தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் மரபுடைமை வரி, அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி, 2008இல் எடுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் அது இருக்கிறது. அங்கே குடிமகளாகவோ நிரந்தரமாக வாழ்பவராகவோ இல்லாத ஒருவர் இறந்தால், அங்குள்ள சொத்தில் முதல் 60,000 டாலருக்குத்தான் விலக்கு. மேலே 40 விழுக்காடு வரை வரி. வீட்டின் மதிப்பு 1 மில்லியன், முழுவதும் உங்களுடையது என்று கணக்கிட்டால், கழிவுகளுக்கு முன் உங்கள் பிள்ளைகள் கட்ட வேண்டியது ஏறத்தாழ 330,000 டாலர். உயில் மட்டும் எழுதி வைப்பது இதைக் குறைக்காது. வெளிநாட்டவரின் அமெரிக்கச் சொத்தைக் கையாளும் வழக்கறிஞரை அமர்த்தி, வீடு எந்தப் பெயரில் இருந்தால் நல்லது, உங்கள் ஆயுளிலேயே விற்பதா வைத்திருப்பதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பதைப் பற்றி அப்போது பேசலாம். அதுவரை டிசம்பர் 10, ஏப்ரல் 10 சொத்து வரித் தவணைகளைத் தவறவிடாதீர்கள். தாமதமானால் தவணைத் தொகையில் 10 விழுக்காடு அபராதம், 198 டாலரைவிடப் பெரிய தொகை.