பத்திரம் சரி, மனசு ஒப்பவில்லை: எதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 38. திருச்சியில் ஒரு பழைய தனிவீட்டுக்கு விலை பேசி முடித்திருக்கிறோம். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். லோனும் கிடைத்துவிடும். கணவருக்கு முழுத் திருப்தி. எனக்கு மட்டும் அந்த வீட்டுக்குள் போய் வந்ததிலிருந்து ஏதோ ஒப்பவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். உள்மனசு சொல்வதைக் கேட்பதா, கணக்கைப் பார்ப்பதா?

பதில்: உங்களுக்கு ஒப்பாதது எது? வீடா, விலையா, விற்கிற ஆளா, தெருவா? இதைப் பிரிக்காத வரைக்கும் நீங்களும் கணவரும் பேசிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

என் அம்மா கத்திரிக்காயைக் கையில் எடுத்த வேகத்தில் திரும்ப வைத்துவிடுவார். கேட்டால் “சொத்தை” என்பார். எப்படித் தெரியும் என்றால் பதில் இருக்காது. வாங்கிய காயை அன்றைக்கே நறுக்கி, எடுத்தது சரியா தப்பா என்று நாற்பது வருஷம் பார்த்த கை அது. உள்ளுணர்வு என்பது பெரும்பாலும் இதுதான். மறந்துபோன பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் தீயணைப்பு வீரர்களிடம் பல காலம் பேசி ஆராய்ந்தவர். அவர் பதிவு செய்த ஒரு சம்பவம் உண்டு. ஒரு வீட்டின் சமையலறைப் பக்கம் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. அந்தத் தீக்கு இருக்க வேண்டியதைவிடச் சூடு அதிகம், சத்தமோ குறைவு. ஏன் என்று தெரியாமலே தலைவர் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. தீ அந்தத் தரைக்கு அடியில் இருந்த நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருக்கிறது என்றே அந்த மனிதர் நம்பினாராம்!

உள்ளுணர்வை லேசில் நம்பாதவர் டேனியல் கானமன். 2002இல் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர். எதிரெதிர் முகாம்களில் இருந்த இவர்கள் இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இது: விஷயம் ஓர் ஒழுங்கில் நடப்பதாக இருக்க வேண்டும், அதைத் திரும்பத் திரும்பச் செய்து, தப்பு சரி உடனுக்குடன் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் மனசின் பேச்சுக்கு மதிப்பு.

வீடு வாங்குவதில் உங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே விலையைப் பற்றி உங்கள் மனசு சொல்வதைத் தள்ளிவிடலாம். “இந்த ஏரியா ரேட் ஏறும்” என்று கணவரின் மனசு சொல்வதையும் கூடவே தள்ளிவிடுங்கள், அதுவும் உள்மனசுதான். ஆனால் வீடுகளில் வாழ்ந்த அனுபவம் உங்களுக்கு 38 வருஷம். மனிதர்களின் முகத்தைப் படித்த அனுபவமும் அவ்வளவே. அங்கிருந்து வருகிற நெருடலை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குள் கேட்டிலிருந்து மனசால் மறுபடி நடந்து பாருங்கள். எங்கே வயிறு பிசைகிறதோ அங்கே நில்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண் இப்படி நடந்து பார்த்தபோது பின்கட்டு அறையில் நின்றார். மற்ற அறைகளெல்லாம் பழைய சுவர், அது மட்டும் புதுப் பெயிண்ட். கொத்தனாரைக் கூட்டிப்போய்ப் பார்த்தால் உள்ளே ஓதம். கண் பார்த்துவிட்டது, வாய்க்கு வர இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் ஒரு சோதனை. இதே வீடு நியாயமான வாடகைக்கு வந்தால் குடிபோவீர்களா? “தாராளமாக” என்றால் உங்கள் பயம் வீட்டின் மேல் இல்லை, இருபது வருஷ இஎம்ஐ மேல். இரண்டும் வயிற்றில் ஒரே மாதிரிதான் பிசையும். அந்தப் பயத்துக்கு மருந்து வேறு: ஒரு சம்பளம் ஆறு மாதம் நின்றால் சமாளிக்க முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுவது. குடிபோகக்கூட மனமில்லை என்றால் விசாரிக்க வேண்டியது வீட்டை.

கணக்கு முதலா, மனசு முதலா என்பதற்கும் கானமனிடம் ஒரு பதில் இருக்கிறது. 1955இல், 21 வயதில், இஸ்ரேல் ராணுவத்தில் ஆளெடுக்கும் நேர்காணலை மாற்றியமைத்தார். ஆறு குணங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார். எங்களை எந்திரமாக்குகிறீர்களே என்று நேர்காணல் செய்தவர்கள் முறைத்துக்கொண்டார்கள். சரி, எல்லாம் போட்ட பிறகு கண்ணை மூடி, மனசில் பட்ட மதிப்பெண்ணையும் போடுங்கள் என்றார். பிற்பாடு பார்த்தால், அந்தக் கடைசி மதிப்பெண்ணும் மற்ற ஆறின் கூட்டுக்குச் சமமாகப் பலித்திருந்தது. நீங்களும் தண்ணீர், காற்று, பள்ளித் தூரம், மழைநீர் வடிகால், அக்கம்பக்கம் என்று இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. மனசு கடைசி வரியில் வரட்டும். முதல் வரியிலேயே வந்தால் மற்ற மதிப்பெண்களையும் அதுவே போட்டுவிடும்.

சிலர் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். தவறில்லை. பொட்டலத்தைப் பிரிக்கும்போது எந்தப் பூ வர வேண்டுமென்று மனசு துடித்தது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கணவரிடம் ஒன்று சொல்லலாம். வில்லங்கச் சான்றிதழில் பதிவான விவகாரம்தான் வரும். பதிவு செய்யாமல் போட்ட ஒப்பந்தம் அதில் தெரியாது. ஆகவே “எல்லாம் பார்த்தாச்சு” என்பதிலும் கொஞ்சம் நம்பிக்கை கலந்துதான் இருக்கிறது. புரோக்கர் இல்லாமல், ராத்திரி ஏழு மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போங்கள். எதிர்த்த மளிகைக் கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். அட்வான்ஸைப் பத்து நாள் தள்ளிப்போடக் கேளுங்கள். “முடியாது, வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க” என்று பதில் வந்தால், அதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.