சாங்ஷன்: அனுமதியா, தண்டனையா?

ஆங்கிலச் சொற்களில் ‘சாங்ஷன்’ பற்றித்தான் இந்த முறை நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: லோன் சாங்ஷன் ஆனால் சந்தோஷப்படுகிறோம். ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் என்றால் அது தண்டனை. ஒரே சொல்லுக்கு எப்படி நேரெதிர் அர்த்தம்?

வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘சாங்கிரே’ என்றால் ஒன்றைப் புனிதமாக்குவது, யாரும் மீறக்கூடாதபடி சட்டமாக உறுதிசெய்வது. ‘செயின்ட்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். சட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குள் இரண்டு விஷயம் இருக்கும். ‘இதற்கு அதிகாரம் உண்டு’ என்ற முத்திரை ஒன்று, ‘மீறினால் இன்னது நடக்கும்’ என்ற எச்சரிக்கை இன்னொன்று. முத்திரையைப் பிடித்துக்கொண்டு போனதில் அனுமதி என்ற பொருள் வந்தது. எச்சரிக்கையிலிருந்து தண்டனை வந்தது. எனக்கு இந்தச் சொல்லைப் பிடிப்பதே இதனால்தான். ஒரு சட்டத்தின் இரண்டு முகமும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

கேள்வி: வரலாற்றுப் பாடத்தில் ‘பிராக்மாட்டிக் சாங்ஷன்’ என்று வருகிறது. அது அனுமதியா, தண்டனையா?

இரண்டும் இல்லை, ஆணை. மகள் வழியிலும் ஆட்சியுரிமை போகலாம் என்று ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் 1713இல் பிறப்பித்த ஆணை அது. அவர் மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வர வழி செய்தது அதுதான். நான் மேலே சொன்ன பழைய பொருள் அந்தப் பெயரில் அப்படியே தங்கிவிட்டது.

கேள்வி: வாக்கியத்தில் பார்த்ததும் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

‘தி கமிட்டி சாங்ஷன்ட் தி மேட்ச்.’
‘தி கமிட்டி சாங்ஷன்ட் தி பிளேயர்.’

கடைசிச் சொல் மட்டும்தான் மாறியிருக்கிறது. முதலாவதில் போட்டிக்கு அங்கீகாரம் கிடைத்தது. இரண்டாவதில் வீரர் மேல் நடவடிக்கை பாய்ந்தது. வினைச்சொல்லாக வரும்போது அதற்குப் பின்னால் செயலோ திட்டமோ தொகையோ இருந்தால் பெரும்பாலும் அனுமதி. ஆளோ நிறுவனமோ நாடோ இருந்தால் தண்டனை. பெயர்ச்சொல்லாக வரும்போது பன்மையைக் கவனியுங்கள். ‘சாங்ஷன்ஸ்’ என்று வந்து, கூடவே ‘இம்போஸ்’, ‘லிஃப்ட்’, ‘அகெய்ன்ஸ்ட்’ போன்ற சொற்கள் நின்றால் தடைதான், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ‘யூஎன்-சாங்ஷன்ட்’ போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் அவசரப்படாதீர்கள். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், ஐ.நா. ஒப்புதல் பெற்ற ஒரு படையை ‘ஐ.நா. தடை விதித்த படை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்தவர் ஒருவர் திருத்தியிருக்காவிட்டால் அப்படியே அச்சாகியிருக்கும். அதே அடைமொழி ஒரு கப்பலுக்கு முன்னால் வந்தால் தடைக்குள்ளான கப்பல் என்று பொருள்படலாம். முன்பின் பத்தியைப் படிக்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: ‘மை மேனேஜர் சாங்ஷன்ட் மீ டு கோ’ சரியா?

தவறு. போக அனுமதித்தார் என்று சொல்ல ‘அலவ்ட் மீ டு கோ’ போதும். ‘சாங்ஷன்ட் மை லீவ்’ சரி. ‘சாங்ஷன்ட் மீ’ என்று நிறுத்தினால் உங்களைத் தண்டித்தார் என்றாகிவிடும்!

கேள்வி: சாங்ஷன்ஸ், எம்பார்கோ இரண்டும் ஒன்றா?

இல்லை. எம்பார்கோ என்பது வணிகத்தைத் தடுப்பது. சாங்ஷன்ஸ் அதைவிடப் பெரிய குடை. சொத்து முடக்கம், பயணத் தடை, ஆயுதத் தடை எல்லாம் அதற்குள் வரும். தென் ஆப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கக்கூடாது என்று 1977இல் ஐ.நா. பாதுகாப்பு அவை விதித்தது எம்பார்கோ. அதையும் சாங்ஷன் வகையில்தான் சேர்ப்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட தடைகளுக்கு அடிப்படையான ஐ.நா. சாசனத்தின் 41ஆம் பிரிவில் ‘சாங்ஷன்’ என்ற சொல்லே கிடையாது. ‘மெஷர்ஸ்’ என்றுதான் இருக்கிறது.

கேள்வி: சமூகவியலில் ‘பாசிட்டிவ் சாங்ஷன்’ என்கிறார்களே?

பாராட்டு, பரிசு போன்றவை. சமூகம் தன் நெறியைக் காப்பாற்ற மெச்சவும் செய்யும், கண்டிக்கவும் செய்யும். அங்கே இரண்டுக்குமே சாங்ஷன் என்றுதான் பெயர்.

கேள்வி: தமிழில் ஒரே சொல்லாக எதைப் போடலாம்?

ஒரே சொல்லைத் தேடாதீர்கள். நிதி, பணியிடம் என்றால் ‘ஒப்பளிப்பு’ என்ற நல்ல சொல் அரசாணைகளில் புழக்கத்தில் இருக்கிறது. பொதுவான இடத்தில் ‘ஒப்புதல்’ போடலாம். ‘அனுமதி’ யார் வேண்டுமானாலும் தருவது. சாங்ஷனில் அதிகாரத்தின் கனம் இருப்பதால் நான் ‘ஒப்புதல்’ பக்கம்தான் நிற்பேன். நாடுகள் விஷயத்தில் எல்லாவற்றையும் ‘பொருளாதாரத் தடை’ என்று எழுதிவிடுகிறோம். பயணத் தடையை அப்படிச் சொல்ல முடியாதே. அந்த இடத்தில் ‘தடை நடவடிக்கைகள்’ என்று எழுதுங்கள்.