அம்மாவோட ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, முடக்குவாதம். எட்டு மாசமா தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சாப்பிடறாங்க. கை வீக்கம் வத்தி இப்ப தலையை அவங்களே பின்னிக்கறாங்க, ஆனா முகம் உப்பிப்போச்சு, ராத்திரி தூக்கமும் இல்ல. ஸ்டீராய்டு விஷம், உடனே நிறுத்துன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. நிறுத்திடலாமா?

பதில்: நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க, மத்ததெல்லாம் அப்புறம். நம்ம உடம்புல அட்ரீனல் சுரப்பி தினமும் கார்ட்டிசால்னு உடம்போட சொந்த ஸ்டீராய்டு ஒண்ணைச் சுரக்குது, மாத்திரைக் கணக்குல பாத்தா அது சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் அளவுதான், வெளியிலேருந்தே மாசக்கணக்கா 10 வந்துட்டு இருந்தா அந்தச் சுரப்பி வேலையையே விட்டுடும். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா பிரஷர் இறங்கி, வாந்தி மயக்கம்னு உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தில மாத்திரை தங்கலன்னா கூட அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்டீராய்டு சாப்பிடறாங்கன்னு மொதல்லயே சொல்லிடுங்க.

விஷம்னு சொல்றதும் சரியில்ல. 1948-ல முதல்முதலா ஒரு முடக்குவாத பேஷண்டுக்கு கார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி போட்டு, நடக்க முடியாம இருந்தவங்க சில நாள்லயே நடந்தாங்க, 1950-ல அதுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. வீக்கத்தை அப்படியே விட்டா மூட்டு அரிச்சு விரல் கோணிப்போயிடும், அது திரும்ப நேராகாது. ஆனா அதுக்காக பழைய சீட்டையே காட்டி மாசாமாசம் கடைல வாங்கிட்டே இருக்கறதும் தப்பு. நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற: எட்டு மாசம் ஆகியும் ஏன் இன்னும் 10? வாதத்தையே அடக்கற மெதோட்ரெக்ஸேட் மாதிரி மருந்து வேலை செய்ய சில வாரம் பிடிக்கும், அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான் பொதுவா ஸ்டீராய்டு. அந்த மாதிரி மருந்து அம்மாவுக்கு ஓடுதா, ஓடியும் பத்தலையான்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க.

முகம் உப்பறது கண்ணுக்குத் தெரியுது, அதனால பயம். டோஸ் கொறைஞ்சா அது மெல்ல வடிஞ்சிடும். எனக்குக் கவலை வெளிய தெரியாததுலதான். எலும்பு தேயறது மொத சில மாசத்துலயே வேகமா நடக்கும், மாதவிடாய் நின்ன வயசு வேற, அதனால எலும்பு எவ்வளவு உறுதின்னு பாக்கற டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பத்திப் பேசிடுங்க. கண்ல புரை வரலாம், கண்ணுக்குள்ள பிரஷரும் ஏறலாம், ஒரு செக்கப் வேணும். சுகர் டெஸ்ட்ல ஒரு சூட்சுமம் இருக்கு: காலைல மாத்திரை போட்டா சுகர் மத்தியானத்துக்கு மேலதான் ஏறும், வெறும் வயித்துல எடுத்துட்டு நார்மல்னு சந்தோஷப்பட்டுடாதீங்க, மத்தியானம் சாப்பிட்ட பிறகும் பாருங்க. மூட்டு வலிக்குதுன்னு தனியா பெயின்கில்லர் போடறாங்களான்னும் கவனிங்க, ரெண்டும் சேர்ந்தா வயித்துல புண்ணு.

தூக்கத்துக்கு, மாத்திரையை எப்ப போடறாங்கன்னு பாருங்க. சாயங்காலமோ ராத்திரியோன்னா, காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பாதிப் பிரச்சனை அதுலயே தீரலாம்.

கொறைக்க ஆரம்பிச்சாலும் பொறுமை வேணும். இந்த டோஸ்லேருந்து மாசத்துக்கு 1 மில்லிகிராம்னு மெதுவா இறக்கறவங்க உண்டு. நடுவுல உடம்பு வலி, அசதி வரும், அது எல்லாமே வாதம் திரும்பினதுன்னு அர்த்தமில்ல. பயந்துபோய் நீங்களே திரும்ப 10-க்கு ஏத்திடாம, டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டு செய்யுங்க.