தெற்காசிய நாடாளுமன்றவாதிகளுள் உங்கள் மதிப்புக்குரியவர் யார், ஏன்?

இலங்கைத் தமிழ்த் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் என்பது என் பதில். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் அம்மப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்காக மலாயாவுக்கு வந்த தலைமுறை அவருடையது. சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் பூசை முடிந்து பழைய நண்பர்களோடு அமர்ந்தாரானால், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் "எங்கட ஈப்போப் பிள்ளை"யிடம் வந்து நிற்கும். செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போவில் பிறந்து, சிறு வயதிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குச் சென்றவர் என்பதால் இந்த உரிமைப் பேச்சு.

ஒப்பந்தங்களை வரைவது என் தொழில். ஆகவே, பலரும் "தந்தை செல்வா" என்று போற்றும் தலைவரைக் காட்டிலும், கொழும்பில் பெயர்பெற்ற உரிமையியல் வழக்கறிஞராக விளங்கிய செல்வநாயகமே என்னை அதிகம் ஈர்க்கிறார். 1947-இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானதை ஏற்காமல் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். குடியுரிமை இழந்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். காங்கேசன்துறையில் அவருக்கு வாக்களித்தவர்கள் அல்லர். 1952 தேர்தலில் அவர் தோற்றார். 1956-இல் வென்று திரும்பினார்.

சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் அதே ஆண்டு ஜூனில் நிறைவேறியது. 1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்காவுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் பிரதேச சபைகளுக்கு அதிகாரப் பகிர்வையும், வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகத்தையும் உறுதியளித்தது. பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்து எதிர்த்ததையடுத்து, 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில், பிரதமராகவிருந்த டட்லி சேனநாயக்காவுடன் மீண்டும் ஓர் ஒப்பந்தம். இம்முறை மாவட்ட சபைகள். தமிழரசுக் கட்சி அரசில் சேர்ந்தது, மு. திருச்செல்வம் அமைச்சரானார், செல்வநாயகம் தமக்கென எந்தப் பதவியையும் ஏற்கவில்லை. மாவட்ட சபைகளும் வரவில்லை. 1968-இல் கட்சி அரசிலிருந்து விலகியது.

தொழில்முறைக் கண்ணோடு பார்த்தால் இங்கே ஒரு குறை தென்படுகிறது. இரண்டு ஆவணங்களும் சட்டமல்ல. பிரதமர்கள் தந்த வாக்கு மட்டுமே. மறுதரப்பு மீறினால் எந்த நீதிமன்றத்தின் படியையும் ஏற முடியாது என்பது அவருக்குத் தெரியாதிருந்திருக்க முடியாது. முதல் ஒப்பந்தம் கிழிந்தபின் இரண்டாவதற்கு மசோதாவை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 151 இடங்களில் 14-ஐ மட்டும் வென்ற கட்சியின் தலைவர் எதைக் காட்டி அதைக் கேட்பார் என்று அம்மப்பா திருப்பிக் கேட்டால், என்னிடம் பதில் இருந்ததில்லை. டட்லியுடன் அவர் கையெழுத்திட்ட அதே 1965-இல்தான் சிங்கப்பூர் தனிநாடாகித் தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டது என்பதால், இந்தக் கதையை இங்கிருந்து படிக்கும்போது எனக்கு ஒரு கூச்சமும் உண்டாகிறது.

நான் அவரை மதிப்பதற்குரிய செயல் இதற்குப் பிந்தியது. 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிறுபான்மையினருக்குப் பழைய அரசமைப்பின் 29-ஆவது பிரிவு தந்த பாதுகாப்பு அதில் இல்லை. தமிழர்கள் இதை ஏற்கிறார்களா என்பதை வாக்குப்பெட்டி சொல்லட்டும் என்று, அக்டோபரில் அவர் தம் உறுப்பினர் பதவியைத் துறந்து, இடைத்தேர்தலுக்கு அரசை அறைகூவினார். அப்போது அவருக்கு 74 வயது. நடுக்குவாத நோயால் குரல் தளர்ந்திருந்தது, காதும் சரியாகக் கேட்காது. அரசோ இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தேர்தலை நடத்தாமல் இழுத்தடித்தது. 1975 பிப்ரவரி 6 அன்று அது நடந்தபோது, கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. பொன்னம்பலத்தை 16,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

அந்தத் தீர்ப்பால் அரசமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. காத்திருப்பு நீண்ட அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் வாக்குப்பெட்டியைவிட்டு வேறு வழி தேடத் தொடங்கியிருந்தனர். 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய மாநாட்டிலும் அவரே தலைவராக இருந்தார். (சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் சி. இராஜரத்தினம் பிறந்த ஊரும் அதே வட்டுக்கோட்டைதான்; ஈப்போவில் பிறந்தவர் அங்கே போக, அங்கே பிறந்தவர் இங்கே வந்தார் என்று அம்மப்பா சிரிப்பார்.)

1977 ஏப்ரல் 26 அன்று செல்வநாயகம் மறைந்தார். மூன்று மாதங்களுக்குள் நடந்த பொதுத் தேர்தலில், தமிழரசுக் கட்சியும் இடம்பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது; அவருடைய நெடுநாள் துணைவரான அ. அமிர்தலிங்கம், அவருடைய காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்தே வென்று, எதிர்க்கட்சித் தலைவரின் இருக்கையில் அமர்ந்தார்.