தண்ணீர் ஓடும் மின்சாதனங்களில் அரிப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏசி மின்சாரத்தை டிசியாக (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக) மாற்றும் எங்கள் ரெக்டிஃபயரைத் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கிறோம். அதில் ஒரு முனையின் ஹோஸ் நிப்பிள் (ஹோஸை மாட்டும் குழாய் மூக்கு) மட்டும் அடிக்கடி கரைந்து ஓட்டையாகிறது. மற்றது புதுசு மாதிரியே இருக்கிறது. பித்தளை மட்டமா?

பதில்: பித்தளை மேல் பழி போட வேண்டாம். கரைவது பாசிட்டிவ் பக்கத்து நிப்பிள்தானா என்று முதலில் பாருங்கள். அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீரும் ஒரு மின்கடத்திதான். அதன் வழியே டிசி கசிந்தால் பாசிட்டிவ் முனையின் உலோகம் கரையும்.

கணக்குப் போட்டால் விளங்கும். உள்விட்டம் 10 மி.மீ., நீளம் 1 மீட்டர், 500 வோல்ட் டிசி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் கடத்துதிறன் (மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்ற அளவு) செ.மீ.க்கு 500 மைக்ரோசீமென்ஸ் என்றால் சுமார் 2 மில்லியாம்பியர் கசியும். அற்பம்தானே என்று விட்டால், வருடம் முழுக்க ஓடும்போது 20 கிராம் செம்பு வரை கரைக்க அது போதும், அதுவும் நிப்பிளின் உள்விளிம்பு ஒன்றிலேயே! கடத்துதிறனை 50க்கு இறக்கினால் 2 கிராம். ஹோஸை 2 மீட்டராக்கினால் அதிலும் பாதி. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஹோஸை வெட்டிக் குட்டையாக்குகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம், கார்பன் கலந்த கறுப்பு ரப்பர் ஹோஸ் வேண்டாம். அதுவே மின்சாரத்தைக் கடத்தும். நிப்பிளோடு இணைத்து, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பொருத்தினால் தேய்மானத்தை அது வாங்கிக்கொள்ளும். தேய்ந்ததும் மாற்றிவிடலாம்.

கேள்வி: டிஎம் வாட்டர்தான் (உப்பு நீக்கிய தண்ணீர்) ஊற்றுகிறோம். கடத்துதிறன் மீட்டரும் நன்றாகவே காட்டுகிறது. ஆனாலும் ஃபில்டரில் கறுப்புத் தூள்.

பதில்: அது செம்பு ஆக்சைடாக இருக்கும். உப்பை எடுத்துவிட்டீர்கள் சரி, காற்றை? தொட்டி திறந்து கிடந்து, திரும்பி வரும் தண்ணீர் மேலிருந்து கொட்டினால் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்துகொண்டே இருக்கும். குழாய் முனையைத் தண்ணீருக்குள் முக்கி, தொட்டியை மூடுங்கள். பெரிய ஜெனரேட்டர்களில் ஆக்சிஜனை லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே வைப்பார்கள், அல்லது 2 மில்லிகிராமுக்கு மேலே. இரண்டுங்கெட்டான் அளவில்தான் செம்பு அதிகம் அரிக்கும்.

கேள்வி: அலுமினிய ஹீட்சிங்கையும் (சூட்டை வாங்கி வெளியேற்றும் பாகம்) செம்புக் குழாயையும் ஒரே லைனில் விடலாமா? இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை.

பதில்: தொடாவிட்டாலும் கூடாது. தண்ணீரில் கரைந்து வரும் செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து குழி பறிக்கும்.

கேள்வி: காருக்கு ஊற்றும் கூலன்ட்?

பதில்: வேண்டாம். அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள் பெரும்பாலும் உப்புகள். கடத்துதிறன் எகிறிவிடும்.

கேள்வி: கசிவே இல்லை, ஆனால் பஸ்பாரில் (மின்சாரம் கொண்டுபோகும் செம்புப் பட்டை) வெளிப்புறம் பச்சைக் களிம்பு. ஏன்?

பதில்: வியர்வைதான். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் ஈரம் பூக்கும். உள்ளே வரும் தண்ணீர் அதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கட்டும். மெஷினை நிறுத்தினால் தண்ணீரையும் நிறுத்துங்கள். ஆனால் சூடு தணிந்த பிறகு.